முகீமுக்கு ஒரு படி மேலே

குதைபாவை அவன் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்கில் ஆகிறது. இர்பித் நகரத்து மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றைக்கே அந்தப் பெயரை மடித்துப் பரணில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ‘ஹக்கீம்’தான். ஹக்கீம் சாப்பிட்டாச்சா, ஹக்கீம் தூங்கறான், டிவியை அணை. வைத்தியனையும் ஹக்கீம் என்பார்கள், அறிவாளியையும் ஹக்கீம் என்பார்கள். வைத்தியன் ஆவதற்குப் பையன் ராப்பகலாகப் படித்தான். அறிவாளி ஆகிற பக்கம் அவன் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அப்பாவுக்கு அரபு தேசத்தில் அஜ்லூன் என்கிற சின்ன ஊரின் கடைத்தெருவில் கறிக்கடை. மூத்த மகன் பெயரால் அவரை அபு குதைபா, அதாவது குதைபாவின் அப்பா, என்பார்கள். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் ஆடு விழ வேண்டும், ஆடு விழ வேண்டுமென்றால் அவர் கடைக்கு வந்தாக வேண்டும். அதனால் கல்யாணம், சாவு, பாஸ், பெயில் எல்லாம் அவர் கடையில்தான் முதலில் வெளிச்சத்துக்கு வரும். அந்தக் கடையில் நின்று ஒருவன் தன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொன்னால், அபு குதைபா கத்தியைத் தீட்டிக்கொண்டே தன் பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுவார். கறி வாங்க வந்தவர்கள் அதையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அஜ்லூன்காரர்களுக்கு டாக்டர்களிலும் மேல்படி கீழ்ப்படி உண்டு. கீழ்ப்படியில் முகீம். ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, கண் விழித்து, பெரிய டாக்டரிடம் திட்டு வாங்கி வேலை பழகுகிறவன். அவனைக் கண்டால் வாட்ச்மேன்கூட எழுந்திருக்க மாட்டான். அந்த வருஷங்களைக் கழித்தால் நிபுணன். அதற்கும் மேலே போய் வெளிநாட்டில் தனிப்பயிற்சி முடித்தால், அதற்குப் பெயர் ஸமாலா. ஸமாலா வாங்கினவர் வீட்டு வாசல் பலகையில் அவர் பெயரைவிட அந்த வார்த்தைதான் பெரிய எழுத்தில் இருக்கும். ஊர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்.

குதைபா அமெரிக்காவில் முகீமாகச் சேரத்தான் எழுதிப் போட்டிருந்தான். அங்கே அதற்கு ‘மேட்ச்’ என்று ஒரு ஏற்பாடு. டாக்டர்கள் தங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தித் தருவார்கள், ஆஸ்பத்திரிகள் தங்களுக்குப் பிடித்த டாக்டர்களை வரிசைப்படுத்தும், கம்ப்யூட்டர் உட்கார்ந்து பொருத்தம் பார்க்கும். பொருத்தம் அமைந்ததா இல்லையா என்று மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மெயில் வரும். குதைபாவுக்கு வந்தது. வருந்துகிறோம், உங்களுக்கு எந்த இடமும் அமையவில்லை. அவ்வளவுதான். வகுப்பில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் நோட்டைப் பார்த்துப் படித்தவனுக்கெல்லாம் அமைந்திருந்தது.

அவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அமெரிக்காவில் தெரிந்த தெரியாத பேராசிரியர்களுக்கெல்லாம் மெயில் எழுதினான். உங்களிடம் ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்கிறேன், சம்பளம் வேண்டாம் என்று. இடம் கிடைக்காதவர்கள் அடுத்த மேட்ச் வரைக்கும் இப்படி யாரிடமாவது ஒட்டிக்கொள்வது வழக்கம். நாலு கட்டுரையில் பெயர் வரும், பெரிய டாக்டர் ஒருவர் சிபாரிசு செய்வார். க்ளீவ்லாந்தில் இருந்து ஒருவர், ஹாலிஸ்டர் என்று பெயர், பதில் போட்டார். இதயப் பிரிவு. வேலையின் பெயர் ‘ரிசர்ச் ஃபெலோ’.

குதைபா நேரே கடைக்குப் போனான். அப்பா தொடைக்கறி அறுத்துக்கொண்டிருந்தார்.

“யாபா, அமெரிக்காவிலேர்ந்து பதில் வந்துருச்சு. பெரிய ஆஸ்பத்திரி. இதயப் பிரிவுல ரிசர்ச் ஃபெலோவா கூப்பிடறாங்க.”

“ஃபெலோன்னா?”

“ஃபெலோன்னா நம்ம பாஷையில... ஸமீல்.”

ஸமாலா வாங்குகிறவனுக்கும் ஸமீல் என்றுதான் பெயர். அப்பாவின் கத்தி பாதியில் நின்றது. “ஸமாலாவா?”

சொல்லியிருக்கலாம். இல்லே யாபா, அது வேற இது வேற, இது இடம் கிடைக்காதவன் சும்மா போய் உக்கார்ற வேலை என்று ஒரே மூச்சில் சொல்லித் தொலைத்திருக்கலாம். கடையில் ரெண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். குதைபா தொண்டையைச் செருமினான்.

“அந்த மாதிரிதான்,” என்றான்.

அந்த மாதிரிதானாம்! ஆட்டுக்கல்லுக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவுதான் அந்த வேலைக்கும் ஸமாலாவுக்கும். ஆனால் சொல்லியாயிற்று. கடையில் நின்றவர்கள் ரெண்டு பேரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். வீட்டில் அம்மா போட்ட குலவை மூன்று தெருவுக்குக் கேட்டது. இர்பிதில் இருந்து தாம்பாளம் தாம்பாளமாகக் கனாஃபா இனிப்பு வந்து, ஊரே நெய்யும் பாகுமாக வழித்துத் தின்றது. தாய்மாமன் தெருவுக்குக் குறுக்கே பேனர் கட்டிவிட்டார். ‘இதய வைத்தியத்தில் அமெரிக்க ஸமாலா பெறும் எங்கள் குலக்கொழுந்து’ என்று. அதன் கீழே நின்று குலக்கொழுந்து சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டது. பேனருக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால் அது அவன் தலையில் விழுந்திருக்கும்.

க்ளீவ்லாந்தில் குலக்கொழுந்துக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஒரு நாற்காலி. எகிப்து, பாகிஸ்தான், லெபனான் என்று எங்கெங்கோ தேறாதவர்கள் எல்லாம் வரிசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எலும்பு வைத்தியத்துக்கு எழுதிப் போட்டுக் கவிழ்ந்த ஒரு அமெரிக்கப் பையனும் இருந்தான். இவர்களோடு உட்காரும்படி ஆகிவிட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, யாரோடும் பேசாமல் இருந்தான். அவனுக்குத் தான் தேறாததைவிட இந்த சகவாசம்தான் பெரிய அவமானம்.

வேலை என்னவென்றால், பழைய நோயாளிகளின் விவரங்களைத் திறந்து கட்டம் நிரப்புவது. சிகரெட் பிடித்தாரா, ஆம். சர்க்கரை உண்டா, இல்லை. செத்தாரா, ஆம். அடுத்த ஆள். நோயாளி ஒருவரையும் தொடக்கூடாது. கழுத்தில் மாட்டியிருந்த அட்டை கார் நிறுத்துமிடத்தையும் கக்கூஸையும் திறக்கும், வார்டுக் கதவில் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். ஆறு வருஷம் வைத்தியம் படித்தவனுக்கு உயிருள்ள மனிதனின் கையைப் பிடித்து நாடி பார்க்க அங்கே உரிமை இல்லை.

அப்புறம் கட்டுரைகள். ஒருவன் எழுதுவான், அறையில் இருப்பவர்கள் பெயரெல்லாம் அதில் வரும். அடுத்ததை இன்னொருவன் எழுதுவான், அதிலும் எல்லாப் பெயரும் வரும். கமா போட்டவனும் ஆசிரியர், போட்ட கமாவை எடுத்தவனும் ஆசிரியர். முதல் மாசத்திலேயே குதைபா ஐந்து கட்டுரைக்கு ஆசிரியனாகிவிட்டான். அதில் ஒன்று கிட்னி பற்றியது. அதை அவன் இன்னும் படிக்கவில்லை. வேறு யாரும் படித்த மாதிரியும் தெரியவில்லை.

ஹாலிஸ்டர் சைக்கிளில் வருவார், வாரத்துக்கு ஒரு தடவை அறைக்குள் தலையை நீட்டுவார். “பிரமாதம்! அசத்தறீங்க எல்லாரும்!” என்பார். யார் எதை அசத்தினார்கள் என்று அவருக்குத் தெரியாது. பாதிப் பேர் பெயரும் தெரியாது. சம்பளம் இல்லாமல் இவ்வளவு டாக்டர்கள் தனக்காகக் கட்டம் நிரப்புவது அவருக்குச் சூரியன் உதிக்கிற மாதிரி, அது பாட்டுக்கு நடக்கிற காரியம்.

அந்த அறையிலேயே அனஸ் என்று ஒருவன் இருந்தான். குதைபாவின் நாட்டுக்காரன்தான், ஸர்கா என்கிற ஆலை ஊரைச் சேர்ந்தவன், பஸ் டிரைவர் மகன். குதைபாவும் அவனும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அனஸ் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தக்காளி நறுக்கிக்கொண்டே அம்மாவோடு பேசுவான்.

“யம்மா, நான் இங்கே ஓசி வேலைக்காரன்தான். டாக்டர் வேலை இன்னும் கெடைக்கல.”

“கெடைக்கும்டா. கெடைக்கற வரைக்கும் ஒழுங்கா சாப்பிடு. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு.”

“பக்கத்து வீட்ல கேட்டா என்ன சொல்லுவே?”

“கெடைக்கலைன்னு சொல்லுவேன். அவ புள்ளைக்கு மட்டும் கெடைச்சுதா?”

குதைபாவுக்கு இதைக் கேட்டால் உடம்பு கூசும். மானம் ரோஷம் இல்லாத ஜனங்கள் என்று நினைத்துக்கொள்வான். ஸர்காக்காரர்களே இப்படித்தான், புகையும் பெட்ரோலும் குடித்து வளர்ந்தவர்கள். தான் அப்படியா? ரிசர்ச் ஃபெலோக்களுக்கு வெள்ளைக் கோட்டு தருவதில்லை என்றதும், குதைபா கடையில் போய்ச் சொந்தமாக ஒன்று வாங்கி வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அதைப் போட்டுக்கொண்டு அனஸைப் போட்டோ எடுக்கச் சொன்னான்.

“என்ன பாஷா,” என்றான் அனஸ் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, “உள்ளே போனா அவுத்துடணுமே இதை. வாசல்ல நின்னுட்டே வைத்தியம் பாப்பியோ?”

“எடுடா பேசாம.”

“கொஞ்சம் நெஞ்சை நிமித்து. ஸமாலா தெரியல.”

அந்தப் போட்டோவை அப்பா சட்டம் போட்டுக் கடையில், கறி தொங்குகிற கொக்கிகளுக்கு மேலே மாட்டினார். அதற்கப்புறம் ஊர்க்காரர்கள் தங்கள் இதயத்தின் ஈ.சி.ஜி. படங்களைப் போனில் அனுப்ப ஆரம்பித்தார்கள். இதயம் மட்டுமா, ஒருத்தி கால் கட்டைவிரலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். எல்லாருக்கும் குதைபா ஒரே பதில்தான் எழுதினான். பயப்பட ஒன்றுமில்லை, பக்கத்தில் இருக்கிற டாக்டரைப் பாருங்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் புத்தியோடு நடந்துகொண்டான்.

அப்பா கடையில் இருந்துதான் பேசுவார், எப்போதும் ஸ்பீக்கரில். பின்னால் எலும்பு வெட்டுகிற சத்தமும் ஜனங்கள் பேசுகிற சத்தமும் கேட்கும்.

“ஹக்கீம், விஷயம் தெரியுமா? நம்ம ஊர் அபு ஃபாரிஸ் மகன் சிகாகோவுல வேலையில சேந்துட்டானாம். முகீமா. அவன் அப்பன் வந்து ஒரு ஆட்டையே வாங்கிட்டுப் போறான்!”

“அப்படியா யாபா. நல்லதுதானே.”

“என்ன நல்லது? முகீமுக்குப் போய் ஆடா? மூத்திரப் பையைத் தூக்கிட்டு ஓடறவன், தூங்க விடாம விரட்டுவாங்க. பாவம்யா, அதுவும் ஒரு பொழைப்பான்னு அவன்கிட்டயே சொன்னேன். நம்ம ஹக்கீம் அதையெல்லாம் தாண்டி மேல போயாச்சு. என்ன ஹக்கீம்?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குதைபாவும் சேர்ந்து சிரித்தான். அவன் ராத்திரி பகலாக ஏங்கிக்கொண்டிருந்ததே அந்த மூத்திரப் பைக்குத்தான்.

அக்டோபரில், தெருவெல்லாம் இலை உதிர்ந்து கிடந்த சமயம், ஹாலிஸ்டர் தலையை நீட்டி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பெயரைச் சரியாகச் சொன்னார்.

“வடக்கு டகோடாவுல ஒரு சின்ன ஆஸ்பத்திரி,” என்றார். “குடும்ப வைத்தியப் பயிற்சி. பொறுப்புல இருக்கறவ என்னோட படிச்சவ. முதல் வருஷ ரெசிடெண்ட் ஒருத்தன் குளிர் தாங்காம ஓடிப்போயிட்டான். உடனே ஒரு ஆள் வேணுமாம். யாரையாவது சொல்லுன்னா, உன் ஞாபகம் வந்தது. விசாவெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்லணும்.”

ரெசிடெண்ட் என்றால் முகீம். மேட்ச் இல்லை, வரிசை இல்லை, இன்னொரு மார்ச் இல்லை. மேலே இருந்து தட்டில் வைத்து இறக்கிவிட்டார்கள். குதைபா நடைவழியில் கிட்டத்தட்ட ஓடினான். வார்டுக் கதவைப் பார்த்து, இனி எனக்கும் பச்சை விளக்கு எரியும் என்று நினைத்தான். படிக்கட்டு வரும்வரை அவன் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தான்.

படிக்கட்டில் அஜ்லூன் வந்து எதிரே நின்றுகொண்டது. வீட்டில் என்ன சொல்வது? முகீமாகச் சேர்ந்துவிட்டேன் என்றா? ஸமாலாவில் இருந்து முகீமா? அதுவும் இதயத்தை விட்டுவிட்டு, சளிக்கும் இருமலுக்கும் மருந்து கொடுக்கிற வேலைக்கு, பெயர் தெரியாத ஒரு பட்டிக்காட்டிலா? என்ன தப்புப் பண்ணினான், இறக்கிவிட்டார்கள் என்றுதான் ஊர் கேட்கும். கனாஃபா தின்ற வாயெல்லாம் கேட்கும். அபு ஃபாரிஸ் இன்னொரு ஆடு வாங்குவார்.

வீட்டுக்கு வந்து அனஸிடம் சொன்னான். அனஸ் அடுப்பில் மக்லூபா சோறு வைத்திருந்தான். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தூக்கியே விட்டான்.

“டேய்! பாஷா! போய் மூட்டையைக் கட்டுடா!”

“யோசிக்கணும்.”

“எதை?”

“எனக்கு இதயம்தான் லட்சியம். அது என்னடா குடும்ப வைத்தியம்? மாடு கன்னுக்கு நடுவுல.”

“நீ இங்கே பார்க்கற இதயமெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குடா. செத்தாரா, ஆம், செத்தாரா, ஆம். அங்கே உசுரோட இருக்கறவன் நெஞ்சுல ஸ்டெத் வைக்கலாம்.” அனஸ் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். “உண்மையைச் சொல்லு. ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னுதானே?”

“உனக்கு அதெல்லாம் புரியாது. உங்க வீட்ல மரியாதைன்னு ஒண்ணு இருந்தாத்தானே போறதுக்கு.”

அனஸ் கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவினான். இரண்டு பேரும் எப்போதும் ஒரே தட்டில்தான் சாப்பிடுவார்கள்; அன்றைக்கு மக்லூபாவைத் தட்டில் கவிழ்த்தபோது குதைபாவுக்குத் தனியாக எடுத்து வைத்தான், அவ்வளவுதான்.

மறுநாள் காலை குதைபா அப்பாவுக்குப் போன் போட்டான். அங்கே சாயங்காலம், கடை நிறைய ஆள். நேராகக் கேட்க முதுகெலும்பு வேண்டுமே, அது எங்கே இருக்கிறது? சுற்றி வளைத்தான்.

“யாபா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நான் ஒரு வேளை முகீமாப் போனேன்னு வெச்சுக்குங்க...”

“கேட்டீங்களாய்யா!” அப்பா கடை அதிர்கிற மாதிரி சிரித்தார். “ஹக்கீமுக்குத் தமாஷைப் பாருங்க! முகீமாப் போறானாம்! மாடியில இருக்கறவன் எவனாவது மாட்டுக் கொட்டாய்ல படுப்பானா? முகீம்கிறது போக்கத்தவன் வேலை. உன்கிட்ட எவனாவது ஏதாவது சொன்னானா? சொன்னா, போடான்னு சொல்லு!”

பிறகு ஸ்பீக்கரை அணைத்த சத்தம் கேட்டது. அப்பா குரலைத் தாழ்த்தி, “மனசை விட்றாதே, ஹக்கீம்,” என்றார்.

சிரிப்பு குதைபாவின் காதில் ஏறியது. கடைசியில் சொன்னது ஏறவில்லை. மதியத்துக்கு முன்னாலேயே ஹாலிஸ்டரிடம் போய், என் லட்சியம் இதயம், மன்னிக்க வேண்டும் என்றான். ஹாலிஸ்டர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். “இந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்!” என்றார். உடனே, “அப்போ உன் பக்கத்துல உக்காருவானே, தாடிக்காரன், அவன் போவானா?” என்றார்.

தாடிக்கார அனஸ் போனான். போவதற்கு முன்னால் மூன்று தடவை கேட்டான்.

“நிஜமா வேண்டாமா? அப்புறம் நான் தட்டிப் பறிச்சேன்னு சொல்லக்கூடாது.”

“போடா. அதெல்லாம் உனக்குத்தான் சரி.”

“யம்மா,” என்று அன்றைக்கு அனஸ் போனில் கத்தினான், “முகீம் ஆயிட்டேன்!” அவன் அம்மா ஸர்காவில் அழுத அழுகை குதைபாவின் அறை வரை கேட்டது. அழுகை அடங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அங்கே ரொம்பக் குளிருமாடா?”

குளிர்காலத்தில் அனஸ் ஒரு படம் அனுப்பினான். கம்பளியில் சுற்றிய சிசு, பக்கத்தில் முகமூடிக்கு மேலே சிரிக்கிற அவன் கண். ‘என் கையில பொறந்த முதல் புள்ளை, பாஷா’ என்று எழுதியிருந்தான். குதைபா வெகுநேரம் பார்த்தான். பதில் போடவில்லை. அறையில் இருந்த எகிப்துக்காரனிடம் காட்டி, “மாட்டு டாக்டர் ஆயிட்டான்,” என்றான். பிறகு கட்டம் நிரப்பப் போனான். இப்படிப்பட்டவனுக்கு ஹக்கீம் என்று பெயர்!

மார்ச் திங்கட்கிழமை திரும்பவும் வந்தது. இந்தத் தடவை அவன் பெயரில் இருபதுக்கு மேல் கட்டுரை, ஹாலிஸ்டரின் சிபாரிசு, எல்லாம் இருந்தது. மெயிலும் வந்தது. வருந்துகிறோம். போன வருஷம் அனுப்பியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பியிருந்தார்கள்.

ஹாலிஸ்டர் தோளில் தட்டினார். “கவலைப்படாதே! இன்னொரு வருஷம் எங்களோட இரு. உன் பெயருக்கு முன்னால ‘சீனியர்’னு போட்டுடறேன். சீனியர் ரிசர்ச் ஃபெலோ!” சம்பளம் அதற்கும் கிடையாது. ஆனால் குதைபாவின் மூளை உடனே அரபியில் போட்டுப் பார்த்துவிட்டது. சீனியர் ஸமாலா. தலைமை ஸமாலா! இதைச் சொல்லலாம். இதற்கும் ஒரு தாம்பாளம் கனாஃபா தாங்கும். அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தில் நின்று வீட்டுக்குப் போன் போட்டான்.

“யாபா, நல்ல செய்தி. எனக்குப் பதவி உயர்வு. இப்போ நான் தலைமை...”

“கொஞ்சம் இரு.”

யாரையோ, அரை மணி கழிச்சு வாப்பா என்று அனுப்புகிற சத்தம். ஷட்டரை இறக்குகிற சத்தம். கடையின் இரைச்சல் அப்படியே அறுந்துபோயிற்று. அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது.

“போதும், ஹக்கீம்.”

“என்ன யாபா?”

“எனக்குத் தெரியும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா லமா நம்ம கடையிலதான் கறி வாங்கறாங்க. கனாஃபா குடுத்த கையோட வந்து சொல்லிட்டாங்க. இடம் கெடைக்காதவங்க போய் உக்கார்ற வேலை அது, சம்பளம்கூடக் கெடையாதுன்னு.”

குதைபாவின் முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, அது போனில் தெரியாது.

“அப்போ ஏன் யாபா எங்கிட்ட சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன். ஊர்ல சொல்லலாம்னா, தின்ன கனாஃபாவைக் கக்கச் சொல்லவா முடியும்?” அப்பா தொண்டையைச் செருமினார். அதே செருமல்தான், பிள்ளைக்கு வந்திருந்தது. “போகட்டும். இதுல என்ன இருக்கு? இன்னொரு தடவை எழுது. சின்ன ஊரோ பெரிய ஊரோ, முகீமாப் போய்ச் சேரு. உன் கையால ஒரு சீக்காளியைத் தொடு. அது போதும் எனக்கு.”

“முகீமா?” குதைபாவுக்குக் குரல் எழும்பியது. “போக்கத்தவன் வேலைன்னு சொன்னீங்களே! மூத்திரப் பை தூக்கறவன்னு கடையில வெச்சு சொன்னீங்களே!”

“சொன்னேன். உனக்கு அது கெடைக்கலைன்னு தெரியுமே. நாலு பேர் நடுவுல அதை மட்டமாப் பேசினா, உனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்னு சொன்னேன்.”

ஒரு கார் அவன் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தது. நகர்ந்து நின்றான்.

“யாபா, கெடைச்சுது.”

“என்ன கெடைச்சுது?”

“முகீம் இடம். அக்டோபர்ல. வேண்டாம்னுட்டேன்.”

முக்காலியை இழுத்துப் போட்டு அப்பா உட்கார்கிற சத்தம் கேட்டது. கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை.

“எந்த ஊரு?”

“வடக்குல ஒரு பட்டிக்காடு.”

“பட்டிக்காட்டுல மனுஷனுக்கு வியாதி வராதா?”

“நான் போன் பண்ணிக் கேட்டேனே யாபா. ஒரு பேச்சுக்குன்னு. நீங்கதான் சிரிச்சீங்க. உங்களுக்காகத்தான், உங்க கௌரவத்துக்காகத்தான் நான்...”

“நான் கறி வெட்டறவன்டா,” என்றார் அப்பா. “முகீம்னா என்ன, ஸமாலான்னா என்னன்னு எனக்கு நீ சொல்லணுமா, உனக்கு நான் சொல்லணுமா?”

குதைபா போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“அந்த எடத்துக்கு யார் போனா?”

“அனஸ். கூட இருந்தவன். ஸர்காக்காரன்.”

“அவன் வீட்ல என்ன சொன்னான்?”

“முகீம் ஆயிட்டேன்னு சொன்னான்.”

“ம்,” என்றார் அப்பா.

ஷட்டர் மேலே போகிற சத்தம் கேட்டது. இரைச்சல் திரும்பவும் உள்ளே வந்தது. யாரோ, “என்ன அபு குதைபா, சாத்திட்டீங்க? ஹக்கீம் என்ன சொல்றாரு?” என்று கேட்டார்கள். கத்தியைத் தீட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது.

“உனக்கு என்ன வேணும்? தொடையா, நெஞ்சா?” என்று வந்தவரிடம் கேட்டார்.

பிறகு போனில் சொன்னார்: “கடையில ஆள் நிக்கறாங்க. வைக்கிறேன், குதைபா.”